ஐப்பசி மண்ணும் வனத்துறைத் தாளும்

செங்கல்பட்டு இருளர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் ஒரு வார்த்தையைப் போட்டுவிடுகிறார்கள்: 'உள்ளுணர்வு'. பாம்பு இருக்கும் இடம் அவர்களுக்கு 'ரத்தத்திலேயே' தெரியுமாம். புகழ்ச்சிபோல ஒலிக்கும் இந்தச் சொல்லாடலை நான் சந்தேகிக்கிறேன். உழைத்துச் சேர்த்த அறிவை இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டால் அதற்குக் கூலியும் தர வேண்டாம், வரலாறும் எழுத வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையை எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை யார் பேச்சையும் கேட்பதில்லை. 2015இல் சென்னையும் செங்கல்பட்டும் மூழ்கின; 2016இல் மழை பொய்த்தது, டிசம்பரில் வர்தா புயல் வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. பாம்போ தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத உயிர். வானம் மாறினால் இடம் மாறும். வரப்பு எலிவளைக்குள் தண்ணீர் ஏறினால் நல்லபாம்பு மேட்டுக்கு, கரையான் புற்றுக்கு நகரும். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தால் புதரோரம் கண்ணாடி விரியன் வெயில் காயும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் வெளியே வரும். பகலென்றால் வளையைத் தோண்டியாக வேண்டும். நேற்று பாம்பு இருந்த இடம் இன்று வெறும் பொந்து.

ஆகவே தேடுகிறவர் முதலில் பார்ப்பது பாம்பை அல்ல, மண்ணை. ஈரத்தில் இழுபட்ட தடம் புதுசா, மழைக்கு முந்தியதா? வளைவாயில் சிலந்தி வலை அறுந்திருக்கிறதா? எச்சம் காய்ந்துவிட்டதா? உரித்த சட்டை மெத்தென்று இருக்கிறதா, நொறுங்குகிறதா? அப்புறம்தான் கடப்பாரை. ஒரு ராத்திரி மழை இந்த ஏட்டை முழுசாக அழித்துவிடும்; மறுநாள் முதல் எழுத்திலிருந்து வாசிக்கணும். இதைவிடக் குறைந்த வேலைக்கெல்லாம் நாம் 'பிரதி வாசிப்பு'ன்னு பேர் வச்சிருக்கோம்.

இந்த வாசகர்களை அதிகாரம் எப்படி வாசித்தது? 1882 சென்னை வனச்சட்டம் காட்டை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. 1909இல் ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளைப் பட்டியலிட்ட எட்கர் தர்ஸ்டன் மனிதர்களின் மூக்கை அளந்துகொண்டிருந்தார். பிறகு தோல் வியாபாரம். பாம்பைப் பிடித்துக் கொடுத்தவர் இருளர், லாபம் ஏற்றுமதியாளருக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976 பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வந்தன. பாதுகாப்பே கூடாது என்பதல்ல என் வாதம். தோல் முதலாளிக்கு மாற்றுத் தொழில் இருந்தது. இருளருக்குத் தெரிந்த தொழிலே குற்றமாயிற்று.

1978இல் ரோமுலஸ் விட்டேகரின் முன்முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பிடித்து, நஞ்சு எடுத்து, சில வாரத்தில் திரும்ப விட்டுவிடுவது. நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி வடநெம்மேலியிலிருந்துதான் போயிருக்கிறது. ஆனால் எந்தப் பாம்பு, எத்தனை என்பதை வனத்துறை உத்தரவு சொல்லும். மழை எப்ப வரும்னு அந்தத் தாளுக்குத் தெரியாது. தாள் தாமதமானால் கண்ணெதிரே விரியன் வெயில் காய்ந்தாலும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

'ரத்தம்' பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2017இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் பர்மிய மலைப்பாம்பு தேட ஃப்ளோரிடா போனார்கள். மண் வேறு, செடி வேறு, பருவம் வேறு. இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. சொந்த மண்ணின் ரத்தம் அங்கே எப்படி வேலை செய்ததாம்? தடத்தையும் எச்சத்தையும் வாசிக்கிற முறைதான் கடல் கடந்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. செங்கல்பட்டு வரப்பில் பாம்பைப் பிடிக்க அவர்களுக்கும் அந்தத் தாள் வேண்டும்.