1845: டென்மார்க் வரலாற்றில் ஓர் ஆண்டு

1845இல் டென்மார்க்கை எட்டாம் கிறிஸ்தியான் ஆண்டார். அரசரின் அதிகாரத்துக்கு அப்போது வரம்பு கிடையாது. அரசியலமைப்புச் சட்டம் 1849இல்தான் வந்தது. தமிழ்நாட்டு வரலாற்றில் இவ்வாண்டுக்குத் தனி இடம் உண்டு: தரங்கம்பாடி டேனியர் கையை விட்டுப் போனது இப்போதுதான்.

தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்த உடன்பாட்டால் டேனியர் பெற்ற ஊர் அது. நெப்போலியப் போர்களின்போது ஆங்கிலேயர் அதைப் பிடித்துக்கொண்டு 1815இல் திருப்பித் தந்தனர். அதன்பின் வணிகம் தேறவே இல்லை. அங்கிருந்த டான்ஸ்போர்க் கோட்டை வீண்செலவாயிற்று. 1845 பிப்ரவரி 22இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, தரங்கம்பாடியும் வங்கத்துச் செராம்பூரும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. ஊராரை யாரும் கேட்கவில்லை. செராம்பூர் அக்டோபர் 11இலும், தரங்கம்பாடி நவம்பர் 7இலும் கைமாறின. தரங்கம்பாடியின் கடைசி டேனிய ஆளுநர் பேதர் ஹான்சன். நிக்கோபார் தீவுகள் இந்த விற்பனையில் சேரவில்லை. அவற்றின் மீதான உரிமையை டென்மார்க் 1868இல்தான் விட்டது. அத்தீவுகளை ஆராய்வதும் ஒரு நோக்கமாக, ஸ்டீன் பில்லே தலைமையில் 'கலத்தேயா' என்ற போர்க்கப்பல் ஜூன் 24இல் கோபன்ஹேகனிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டது.

முந்தின நாள் அதே நகரில் ஸ்காண்டிநேவிய மாணவர்கள் திரண்டிருந்தனர். மூன்று வட நாடுகளும் ஒன்றாக நிற்கவேண்டும் என்று டேனிய அரசியல்வாதி ஓர்லா லேமான் உறுதிமொழி கேட்க, கூட்டம் ஆரவாரித்து ஏற்றது. உழவர் கூட்டங்களை அரசு இவ்வளவு பொறுமையாகப் பார்க்கவில்லை. காவல்துறை அனுமதியின்றிக் கூடக்கூடாது என நவம்பர் 8இல் சுற்றறிக்கை பிறந்தது. பலன் நேர்மாறானது: மறு ஆண்டே 'உழவர் நண்பர்கள் சங்கம்' உருவாயிற்று. டேனிய ஆட்சியிலிருந்த ஐஸ்லாந்தில், 1800இல் கலைக்கப்பட்ட 'அல்திங்' பேரவை ஆலோசனை மன்றமாக ஜூலை 1இல் மீண்டும் கூடியது.

யாகப் கிறிஸ்தியான் யாகப்சன் மியூனிக்கிலிருந்து பியர் ஈஸ்ட்டைக் கொண்டுவந்ததும் இவ்வாண்டே. வழிநெடுகக் குளிர்ந்த நீரூற்றி அதை உயிரோடு காத்தார் என்பார்கள். இரண்டாண்டில் அவர் தொடங்கிய ஆலைதான் கார்ல்ஸ்பெர்க். ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சனின் தீக்குச்சி விற்கும் சிறுமி கதை டிசம்பரில், 1846க்கான ஒரு பஞ்சாங்க மலரில் அச்சானது. தத்துவ அறிஞர் சோரன் கீர்க்ககார்ட், 'வாழ்க்கைப் பாதையின் கட்டங்கள்' நூலை ஏப்ரல் 30இல் வெளியிட்டார்.

டிசம்பர் 24இல் கோபன்ஹேகனில் இளவரசர் வில்லியம் பிறந்தார். 1863 மார்ச்சில் கிரேக்கர்கள் அவரைத் தங்கள் அரசராகத் தேர்ந்தெடுத்தனர். அவர்தான் முதலாம் ஜார்ஜ். அவருடைய தந்தை ஒன்பதாம் கிறிஸ்தியான் என்ற பெயரில் டென்மார்க் அரியணை ஏறியது அதே ஆண்டு நவம்பரில்தான்.