புயலை வரவேற்கும் ஊர்



புயல் வருகிறது என்னும் அறிவிப்பைக் கேட்டு மகிழ்பவர் எவரேனும் உண்டா? நம் நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எச்சரிக்கை வந்தால், கிளந்தானிலும் திரெங்கானுவிலும் தாழ்நிலத்தில் வாழ்வோர் அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் பாடநூல்களையும் உயரமான இடத்திற்கு ஏற்றி வைப்பர். மழை அறிவிப்பு நமக்குக் கவலையின் மறுபெயர். ஆனால், புயல் எப்போது வரும், எத்தனை அங்குலம் கொட்டும் என்று வானிலை அறிக்கையை நாளுக்குப் பலமுறை புரட்டிப் பார்த்து, 'வருகிறது' என்றதும் துள்ளிக் குதிக்கும் மக்களும் உலகில் உள்ளனர். அவர்கள் பனிச்சறுக்கு விளையாடுவோர். அவர்களுடைய வரலாற்றில் தனி இடம் பெற்ற ஓர் ஊரைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன்.

ஊரின் பெயர் ஆல்டா. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டி நகரின் தென்கிழக்கே, வசாட்ச் மலைத்தொடரில், லிட்டில் காட்டன்வுட் என்னும் ஒடுங்கிய பள்ளத்தாக்கின் மேல்முனையில் அமைந்துள்ளது. உயரம் ஏறத்தாழ 2,600 மீட்டர். அங்கு ஒரு குளிர்காலத்தில் சராசரியாக 500 அங்குலத்தை ஒட்டிய வெண்பனி பொழிகிறது. அதாவது 12 மீட்டருக்கும் மேல். நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம்!

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். தமிழில் 'பனி' என்றால் நம் மனத்தில் எழுவது மார்கழிக் காலையும் புல்நுனித் துளியும்தான். வானிலிருந்து பஞ்சுபோல் இறங்குவதை நான் வகுப்பில் 'வெண்பனி' என்றே வழங்குகிறேன். "குளிர்ப்பெட்டியில் இருப்பது தானே, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். அன்று, அது உறைந்த நீர், இஃது உறைந்த நீரும் காற்றும் சேர்ந்த கலவை என்று விளக்கினேன். பத்து அங்குல வெண்பனியை உருக்கினால் ஓர் அங்குல நீர் கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆல்டாவில் விழும் பனியில் நீரின் பங்கு சராசரியாக 8 விழுக்காட்டை ஒட்டியே உள்ளது. எஞ்சியதெல்லாம் காற்று! சலித்த மாவைப் போன்ற இந்தப் பொடிப்பனியில், இடுப்பளவு ஆழத்தில் மிதப்பதுபோல் சறுக்கி இறங்குவதற்காகவே அவர்கள் புயலுக்குத் தவம் கிடக்கின்றனர்.

இனி, வரலாற்றிற்கு வருவோம். ஆல்டா முதலில் விளையாட்டு ஊர் அன்று. 1860களில் அங்கு வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. 1870களில் சுரங்கத் தொழிலாளரும் வணிகரும் மதுக்கடைகளுமாக ஊர் பெருகிற்று. சுரங்கங்களைத் தாங்கவும் குளிர்காயவும் சுற்றியிருந்த மரங்கள் வெட்டப்பட்டன. சரிவுகள் மொட்டையாயின. பனியைப் பிடித்து நிறுத்தியிருந்த மரங்கள் போனபின், பனிச்சரிவுகள் தடையின்றி ஊருக்குள் பாய்ந்தன. 1885 பிப்ரவரியில் நிகழ்ந்த ஒரே சரிவில் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னரும் பல குளிர்காலங்களில் இத்தகைய சாவுகள் நேர்ந்தன. 1893-இல் வெள்ளியின் விலை சரிந்தது. சுரங்கங்கள் ஓய்ந்தன, ஊரும் ஏறக்குறைய காலியானது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1930களில், அமெரிக்க வனத்துறை அந்த மலையைப் புதிய கண்ணோடு பார்த்தது. 1939 ஜனவரியில், பழைய சுரங்கக் கம்பிவடத் தளவாடங்களைக் கொண்டே அமைக்கப்பட்ட இருக்கைத் தூக்கி இயங்கத் தொடங்கியது. முன்னாளில் மனிதர் அஞ்சி ஓடிய அதே சரிவுகளுக்கு, இப்போது மனிதர் காசு கொடுத்து ஏறினர். இவ்வாறு அழைத்து வந்தோரின் உயிருக்கு யார் பொறுப்பு? வனத்துறைக்கு இக்கேள்வி உறுத்தலாகவே இருந்தது. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் நகரை அடுத்த வைஸ்ஃபுளூயோக் மலைமுகட்டில் 1936 முதலே அறிவியலாளர்கள் பனியை ஆராய்ந்து வந்தனர். அமெரிக்காவில் அப்படி ஒரு மையம் இருக்கவில்லை.

1945-இல் ஆல்டாவுக்கு வந்து சேர்ந்தார் மாண்ட்கோமரி அட்வாட்டர். போரிலிருந்து திரும்பியவர், சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதியவர். பயிற்சி பெற்ற அறிவியலாளர் அல்லர். வனத்துறை அவரைப் பனிக் காவலராக அமர்த்தியது. எந்நேரத்தில் சரிவுகளை மூட வேண்டும், எந்நேரத்தில் திறக்கலாம் என்று சொல்வதே அவர் வேலை. தவறாக மூடினால் விளையாட வந்தோரின் முணுமுணுப்பு; தவறாகத் திறந்தால் பிணங்கள். பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் கருமேகத்தைப் பார்த்தபடி நிற்கும் தலைமையாசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதைப் பன்மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள்.

அட்வாட்டர் அளக்கத் தொடங்கினார். புதுப்பனி எத்தனை அங்குலம்? அதில் நீர் எவ்வளவு? மணிக்கு எவ்வளவு வேகத்தில் குவிகிறது? காற்று எத்திசையிலிருந்து, எவ்வளவு விசையுடன் வீசுகிறது? அடியில் உள்ள பழைய பனி எந்நிலையில் இருக்கிறது? இப்படிப் பத்துக் காரணிகளை அவர் வகுத்தார். ஆல்டாவில் பெரும்பாலான சரிவுகள் புயலின்போதோ, புயல் ஓய்ந்த சிறிது நேரத்திலோ விழுகின்றன என்பதே அவருடைய கணக்கேடுகள் தந்த முக்கியமான செய்தி. ஆகவே, புயலை முன்கூட்டி அறிந்தால் சரிவையும் ஓரளவு முன்கூட்டி அறியலாம். பனியின் மொத்த ஆழத்தைவிட அது குவியும் வேகமே பெரிதும் அஞ்சத்தக்கது. மெல்லச் சேரும் சுமைக்கு அடிப்பனி தன்னைப் பழக்கிக்கொள்ளும். மணிக்கு ஓர் அங்குலத்திற்கு மேல் காற்றுடன் சேர்ந்து கொட்டும்போது அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

புயல் நடந்துகொள்ளும் வரிசையும் முக்கியம். முதலில் சற்றுக் கனமான பனியும், குளிர் கூடக் கூட மேலே இலேசான பனியும் விழுந்தால் நல்லது. சறுக்குவதற்கும் இன்பம், சரிவுக்கும் உறுதி. அது தலைகீழாக நடந்து, இலேசான பனியின்மீது ஈரக்கனம் மிக்க பனி ஏறினால், பஞ்சணையின்மீது பலகையை வைத்ததுபோல் ஆகிவிடும். அறிக்கையில் 'இருபது அங்குலம்' என்ற எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரண்டிற்கும் வேறுபாடு தெரியாது.

அறிந்தால் மட்டும் போதுமா? தொங்கிக்கொண்டிருக்கும் பனியை மனிதர் இல்லாத நேரத்தில் நாமே விழச்செய்துவிட்டால் என்ன என்று அட்வாட்டர் எண்ணினார். முதலில் வெடிமருந்து. அதைச் சுமந்து சரிவின் உச்சிக்குப் போவதே உயிராபத்து. ஆதலால், 1949-இல் யூட்டா தேசியக் காவற்படையின் பழைய 75 மில்லிமீட்டர் பிரெஞ்சுப் பீரங்கி ஆல்டா மலையை நோக்கிச் சுடத் தொடங்கியது. மனிதரைக் கொல்லச் செய்த கருவி, மனிதரைக் காக்க மலையைச் சுட்டது! பீரங்கிகள் பல்லாண்டு காலம் அங்கே முழங்கின. அண்மை ஆண்டுகளில், மலையிலேயே நிறுவப்பட்டுத் தொலைவிலிருந்து வெடிக்கச் செய்யும் கருவிகள் படிப்படியாக அவற்றின் இடத்தைப் பிடித்து வருகின்றன.

1952-இல் எட்வர்ட் லாஷப்பெல் ஆல்டாவில் சேர்ந்தார். இவர் டாவோஸ் ஆய்வுக்கழகத்தில் தங்கிப் பயின்றவர். 1950-51 குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலைநாடுகளில் பனிச்சரிவுகள் 250-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற காலத்தில் சுவிட்சர்லாந்தில் இருந்தவர். அட்வாட்டரின் களஅறிவும் லாஷப்பெல்லின் அறிவியலும் அங்கே கைகோத்தன. 1960-இல் ஸ்குவா பள்ளத்தாக்கில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது பனிச்சரிவுக் காவல் அட்வாட்டரின் பொறுப்பில் இருந்தது.

புயலுக்கு முந்தைய வாரங்களையும் பார்க்க வேண்டும் என்பது பனி அறிவியலின் இன்னொரு பாடம். குளிர்காலத் தொடக்கத்தில் மெல்லிய பனி விழுந்து, பிறகு வாரக்கணக்கில் வானம் தெளிந்திருந்தால், அந்தப் பனி சர்க்கரைபோல் ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடுகிறது. மேலே வந்து விழும் புதுப்பனிக்கு அது மிக மோசமான அடித்தளம். விளையாடுவோரோ அந்த வறண்ட வாரங்களில் ஏங்கிக் கிடக்கின்றனர். ஏக்கம் மிகும் காலமும் அடித்தளம் அழுகும் காலமும் ஒன்றாகவே அமைகின்றன! பின்னர் முதல் பெரும்புயல் பற்றிய அறிவிப்பு வருகிறது. எல்லாரும் வண்டியைக் கிளப்புகின்றனர்.

யூட்டா பனிச்சரிவு மையம் 1980-இல் தொடங்கப்பட்டது. கம்பித்தூக்கியும் காவலரும் இல்லாத திறந்த மலைகளுக்குச் செல்வோருக்கு அது நாள்தோறும் அபாய அறிவிப்பு வெளியிடுகிறது. அபாயம் ஐந்து படிகளாகக் கூறப்படும். ஐரோப்பிய நாடுகள் 1993-இல் ஏற்ற முறை இது. இதில் ஆசிரியர்கள் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. உயிரிழப்புகள் அதிகம் நேர்வது ஐந்தாம் படியில் அன்று. நடுவிலுள்ள மூன்றாம் படியில்! ஐந்து என்றால் எவரும் போகமாட்டார், சாலையே மூடப்பட்டிருக்கும். மூன்று என்றால் 'பாதிதானே' என்று மனம் கணக்கிடுகிறது. நூற்றுக்கு அறுபது மதிப்பெண்ணைத் தேர்ச்சியாகப் பார்த்துப் பழகிய மனம் அல்லவா? ஆனால் அந்தப் படியிலேயே மனிதர் கால் வைத்தால் சரிவு கிளம்பக்கூடும். பனிச்சரிவில் இறப்போரில் பெரும்பாலோரின் விபத்தில், சரிவைக் கிளப்பியவர் அவரோ அவருடைய குழுவினரோ ஆவர் என்பதை இத்துறையினர் திரும்பத் திரும்பக் கூறி வருகின்றனர். புதையுண்டவரைக் கால்மணி நேரத்திற்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தால் நம்பிக்கை மிகவும் குறுகிவிடுகிறது. ஆகவே, காப்பவர் உடன்வந்த தோழரே. மீட்புப் படை வந்து சேர்வதற்கு நேரம் இராது.

2020-21 குளிர்காலம் மேற்கூறிய வகையில்தான் அமைந்தது. தொடக்கப் பனி மெல்லியது, நீண்ட வறட்சி, சர்க்கரை மணிகள். 2021 பிப்ரவரி 6ஆம் நாள், சால்ட் லேக் நகரை அடுத்த மில்கிரீக் பள்ளத்தாக்கில் ஒரு பனிச்சரிவு எட்டுப் பேரைப் பிடித்தது. நால்வர் மாண்டனர். எஞ்சிய நால்வர் தப்பி, மற்றவர்களைத் தோண்டி எடுத்தனர். அன்றைய அறிவிப்பு, அபாயம் 'உயர்வு' என்றே கூறியிருந்தது; அது நான்காம் படி. இறந்தோரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அறிவிப்பை எழுதுவோரின் வேலை எத்துணைக் கடினம் என்பதையே நினைக்கிறேன். 'பெரும்பனி வருகிறது' என்ற ஒரே வாக்கியத்தில் விருந்துக்கு அழைப்பும் இருக்கிறது, விலகி நில்லுங்கள் என்ற வேண்டுகோளும் இருக்கிறது. கேட்பவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதுவே முதலில் காதில் விழும். வீட்டில் பிள்ளையிடம் 'விளையாடிவிட்டு ஆறு மணிக்குள் வந்துவிடு' என்று சொல்லும் பெற்றோருக்கு இது புதிய செய்தியாக இராது.

அவ்விபத்து நிகழ்ந்த பத்தாம் நாளையொட்டி ஆல்டாவை மற்றொரு பெரும்புயல் தாக்கிற்று. அங்கே 'இன்டர்லாட்ஜ்' என்றொரு சட்டமுறை உண்டு. ஆபத்து முற்றும்போது பள்ளத்தாக்குச் சாலை மூடப்படும். ஊரில் இருப்போர் எவரும் கட்டடத்தை விட்டு வெளியே கால் வைக்கக்கூடாது. வாகனத்திற்கு ஓடிப்போய் ஒரு பையை எடுத்துவரவும் இயலாது. அந்தப் பிப்ரவரியில் இம்முறை ஏறத்தாழ 60 மணி நேரம் நீடித்தது. விடுதிகளில் அடைபட்டோர், சன்னலுக்கு வெளியே தாம் கனவு கண்ட பனி குவிவதைப் பார்த்துக்கொண்டும், மலைமீது வெடிகள் அதிர்வதைக் கேட்டுக்கொண்டும் காத்திருந்தனர். 2022-23 குளிர்காலத்தில் ஆல்டாவின் பனிப்பொழிவு 900 அங்குலத்தைத் தாண்டி, ஊரின் பதிவேட்டில் முன்னில்லாத எண்ணாக நின்றது. அவ்வாண்டும் சாலை பலமுறை மூடப்பட்டது. அடிவாரத்தில் சாலை திறக்கும் நேரத்தை எதிர்நோக்கி, விடியுமுன்பே வாகனங்கள் வரிசை பிடித்து நின்றன.