ஊசி வந்த காலம், மாத்திரை வரும் காலம்: நம் மாவட்டத்தின் நோய்க் கணக்கு



மலருக்குப் பழைய வரலாறு ஏதாவது எழுதித் தாங்கம்மா என்று கூட்டமைப்பில் கேட்டாங்க. குழு ஆரம்பித்த கதையும் வங்கிக் கடன் வாங்கிய கதையும் மற்றவர்கள் எழுதுறாங்க. நான் கும்மிடிப்பூண்டி பக்கம் மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராக வீடு வீடாகப் போகிறவள். அதனால் நம் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் நோயைக் கணக்கெடுத்த வரலாற்றை எழுதுகிறேன். திருவள்ளூர் கிராமங்களில் எடுத்த கணக்கை வைத்து உலகத்து டாக்டர்களே பாடம் படிச்சிருக்காங்க. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

சேத்துப்பட்டில் ஒரு தொடக்கம்

அந்தக் காலத்தில் டிபி வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பார்கள். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. ஆனால் இருந்த படுக்கைகள் கொஞ்சம், நோயாளிகள் லட்சக்கணக்கில். 1956ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு டிபி ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலேயே மாத்திரை. அவர்கள் ஏழைகள், நெருக்கடியான வீட்டில் இருந்தவர்கள்.

1959ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதுதான் முக்கியம் என்று தெரிந்தது. டிபிக்கு உலகம் முழுக்க வீட்டிலேயே வைத்தியம் பார்க்கும் முறை வருவதற்கு இதுதான் பெரிய காரணம்.

திருவள்ளூருக்கு ஊசி வந்தது

பிசிஜி ஊசி டிபியைத் தடுக்குமா? ஒரு நாட்டில் நல்ல பலன், இன்னொரு நாட்டில் பலனே இல்லை என்று ஆய்வுகள் மாறி மாறிச் சொல்லின. சந்தேகத்தைத் தீர்க்க 1968ல் மிகப் பெரிய சோதனை ஒன்று திருவள்ளூர் வட்டாரத்தில் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தின. அப்போது நாமெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997ல்தான். அதனால் மருத்துவப் புத்தகங்களில் இன்றைக்கும் அதன் பெயர் செங்கல்பட்டு பிசிஜி சோதனை.

வேலை எப்படி நடந்தது தெரியுமா? முதலில் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்காங்க என்று பெயர் எழுதினார்கள். கையில் சின்ன ஊசி போட்டு, சில நாள் கழித்துத் திரும்பி வந்து வீக்கத்தை அளந்தார்கள். பெரியவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். சந்தேகம் இருந்தால் சளி வாங்கினார்கள். பிறகு ஊசி. சிலருக்கு பிசிஜி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் முடிவு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் அப்படிச் செய்தார்கள்.

ஊசி போட்டுக்கொண்டவர்கள் 2,81,161 பேர். கைக்குழந்தையிலிருந்து கிழவி வரைக்கும் அதில் உண்டு. இரண்டரை வருடத்துக்கு ஒரு தடவை மறுபடி வந்து பார்த்தார்கள். இப்படிப் பதினைந்து வருடம்! நாம் ஒரு மாதம் வீடு விடாமல் போவதற்கே எவ்வளவு பாடுபடுகிறோம்.

எதிர்பார்க்காத முடிவு

1979ல் முதல் அறிக்கை வந்தபோது உலகமே திகைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை பிசிஜி தடுக்கவில்லை. ஊசி போட்டவர்களுக்கும் வெறும் ஊசி போட்டவர்களுக்கும் ஒரே மாதிரிதான் நோய் வந்தது. பதினைந்து வருடக் கணக்கு முடிந்தபோதும் பெரியவர்களுக்குப் பலன் இல்லை. சிறு வயதில் போட்டவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பாதுகாப்பு தெரிந்தது.

அப்படியானால் பிறந்த குழந்தைக்கு ஏன் இன்னும் பிசிஜி போடுறாங்க என்று தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு. குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் டிபி மாதிரி கொடிய வகைகளை அது தடுக்கிறது. கட்டாயம் போடணும். ஆனால் கையில் தழும்பு இருக்கே, எனக்கு டிபி வராது என்று பெரியவர்கள் சொன்னால் அது தப்பு. அதை நிரூபித்தது நம் திருவள்ளூர் மக்கள்தான்.

கண் முன்னால் விழுங்கிய மாத்திரை

1999ல் அதே ஆராய்ச்சி மையம் திருவள்ளூர் கிராமங்களில் இன்னொரு வேலையைத் தொடங்கியது. டாட்ஸ் முறை. ஆறு மாதம், ஒருவர் கண் முன்னால் மாத்திரை விழுங்கணும். வீடு வீடாக மறுபடி சளி எடுத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் லட்சம் பேரில் ஏறக்குறைய 600 பேருக்குச் சளியில் கிருமி இருந்தது. சில வருடங்களில் அது சுமார் 300 ஆகக் குறைந்தது. ஊசியால் நடக்காதது ஒழுங்காக விழுங்கிய மாத்திரையால் நடந்தது.

அந்த நாட்களில் பெண்களைப் பற்றியும் ஆராய்ந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள்தான் மருந்தைப் பாதியில் விடாமல் சாப்பிட்டார்கள். ஆனால் தனக்கு நோய் என்பதைச் சொந்த வீட்டாரிடம் சொல்லத் தயங்கியவர்களும் பெண்களில்தான் அதிகம். எங்க குழுவிலேயே ஒரு அக்கா மாத்திரையைக் கேழ்வரகு மாவு டப்பாவுக்குள் வைத்துச் சாப்பிட்டாங்க. மாமியாருக்குத் தெரிந்தால் தட்டைத் தனியாக வைப்பாங்களோ என்ற பயம். ஆறு மாதமும் முடித்தாங்க. குணமானாங்க. இன்றைக்குச் சேமிப்பு நோட்டு எழுதுறது அவங்கதான்.

பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கு டிபி இரண்டு மடங்குக்கு மேல் வருவதும் நம் பக்கத்துக் கிராமங்களில் கண்டதுதான். விறகு அடுப்புப் புகைக்கும் டிபிக்கும் தொடர்பு இருப்பதாகவும் பார்த்தார்கள். அடுப்படியில் நிற்பது யார்? நாம்தான்.

இப்போது சக்கரை, பிரஷர்

காலம் மாறியது. சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் 827 டிபி நோயாளிகளுக்குச் சக்கரை பார்த்து 2012ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாலில் ஒருவருக்குச் சக்கரை நோய். இன்னொரு நாலில் ஒருவர் சக்கரையின் வாசல்படியில். சக்கரை கூடினால் உடம்பின் எதிர்ப்பு சக்தி குறையும், உள்ளே தூங்கும் டிபி கிருமி எழுந்துகொள்ளும். அதனால்தான் இப்போது டிபி என்று தெரிந்தவுடன் சக்கரையும் பார்க்கிறார்கள்.

2020ல் தமிழ்நாடு முழுக்க எடுத்த கணக்கில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு பிரஷர். அவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட அது கட்டுப்பாட்டில் இல்லை. மாத்திரை இல்லாமல் இல்லை. வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போகும், அதனால் பாதியில் விட்டுவிடுவார்கள்.

இதற்காகத்தான் 2021 ஆகஸ்ட் 5ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. வீட்டுக்குப் போய் பிரஷர் பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் நம் குழுப் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறவர்களைப் பகலில் வீட்டில் பிடிக்க முடியாது. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். 2024ல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று கம்பெனிக்கே போய்ப் பார்க்கும் திட்டம் வந்தது. அந்த வருடமே மக்களைத் தேடி மருத்துவத்துக்கு ஐக்கிய நாடுகள் விருதும் கிடைத்தது. விருதில் பெயர் இல்லாவிட்டாலும் வெயிலில் நடந்த கால்கள் நம்முடையவை.

நாம் செய்ய வேண்டியது

இந்த வரலாற்றில் நான் கண்டது ஒன்றுதான். கணக்கெடுக்க வந்தவர்கள் திரும்பத் திரும்ப அதே வீட்டுக்கு வந்தார்கள். அதனால்தான் உண்மை தெரிந்தது, நோயும் குறைந்தது. நாமும் ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது.

கணக்கெடுக்க யார் வந்தாலும் எதற்காக, முடிவை எங்களிடம் சொல்வீங்களா என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை. சம்மதம் சொல்வதும் மறுப்பதும் நம் விருப்பம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளி டெஸ்ட் செய்யுங்கள். டெஸ்டும் மருந்தும் இலவசம். சிகிச்சை நடக்கும்வரை சத்தான உணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

கடைசியாக ஒன்று. வீட்டில் எல்லாருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் நாம், நம் பிரஷரைப் பார்ப்பதில்லை. மாதக் கூட்டத்தில் சந்தா வாங்கும்போதே ஒவ்வொரு உறுப்பினரும் கையை நீட்டி பிரஷர் பார்த்துக்கொள்ளட்டும். சேமிப்பு நோட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கணக்கையும் எழுதி வைப்போம்.