சிவப்புக்கு அப்பால் ஒரு ஜோடி

ரிமோட் வேலை செய்யவில்லை என்று ஒத்தக்கடையில் டிவி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனால் முதலில் நடப்பது கேமரா சோதனை. செல்போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்குக் காட்டிப் பட்டனை அழுத்துவார்கள். திரையில் ஊதா கலந்த வெள்ளைப் புள்ளி மினுக்கினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது. சந்தேகம் டிவிக்குள் இருக்கும் சென்சார் மேல் திரும்பும். மூன்று கால் வைத்த சின்னக் கறுப்புக் குமிழ் அது.

1800-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் நிறமே இல்லாத இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தார். சூடு ஏறியது. ரிமோட் உமிழும் அகச்சிவப்புக் கதிர் முதலில் பிடிபட்டது அப்படித்தான். அதை உமிழும் டயோடு 1961-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் பிறந்தது.

அனுப்புவது எளிது, வாங்குவதுதான் பெரும்பாடு. வெயிலிலும் குண்டு பல்பிலும் இதே கதிர் கொட்டிக் கிடக்கிறது. அதனால் ரிமோட் தன் ஒளியைப் பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை ஏற்றி அணைக்கிறது. குமிழுக்குள் இருக்கும் சுற்று அந்தத் துடிப்பைத்தான் தேடி எடுக்கும். கறுப்பு உறை கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டு, 940 நானோமீட்டரை ஒட்டிய கதிரை உள்ளே விடும். மெக்கானிக்குகள் கேட்டு வாங்கும் டிசாப் 1738 சென்சாரின் பெயரில் வரும் கடைசி 38 இந்தத் துடிப்பின் கணக்கு. அச்சு அசலாக அதே உருவத்தில் 1736-உம் உண்டு. அது 36 கிலோஹெர்ட்ஸுக்கானது. மாற்றிப் போட்டால் ரிமோட் எட்டும் தூரம் சுருங்கும்.

2006 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டம், அதுவரை டிவியே இல்லாத வீடுகளுக்கும் அனுப்பி, வாங்கி என்ற இந்த ஜோடியைக் கொண்டுபோனது. அதற்குள் செல்போனிலும் அது குடியேறியிருந்தது. 1993-இல் உருவான இர்டா அமைப்பு வகுத்த முறைப்படி, அந்த வசதி இருந்த ஒவ்வொரு போனிலும் அனுப்பியும் வாங்கியும் சேர்ந்தே இருந்தன. நோக்கியா 6600 காலத்தில் இரண்டு போன்களை நேருக்கு நேர் வைத்துப் படம் அனுப்பினோம். கை நகர்ந்தால் இணைப்பு அறுந்துவிடும். புளூடூத் பரவியதும் அந்த வழக்கம் ஒழிந்தது.

இடம் காட்டவும் இதே கதிர் உதவியது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் ஒலிவெட்டி ஆய்வகத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஊழியர்களின் பேட்ஜ் 15 நொடிக்கு ஒருமுறை தன் அடையாளக் குறியை உமிழ்ந்தது. சுவரைத் தாண்டாத ஒளி என்பதால், எந்த அறையின் சென்சார் அதைப் பிடித்ததோ அங்கேதான் ஆள். 2006-இல் வந்த நிண்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியில் ஏற்பாடு தலைகீழ்: டிவி பக்கத்துப் பட்டையில் உமிழும் விளக்குகள், கையில் பிடிக்கும் ரிமோட்டில் கேமரா.

இன்றைய ரெட்மி போன்கள் பலவற்றில் அனுப்பி மட்டும் திரும்பி வந்திருக்கிறது. அதன் ரிமோட் ஆப் உங்கள் டிவி எந்தக் கம்பெனி என்று முதலில் கேட்பது காரணத்தோடுதான். அலைநீளம் பொருந்தி, துடிப்பும் பொருந்தினாலும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும் குறியீடு பொருந்தாவிட்டால் டிவி அசையாது. ஜோடி வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கும் முன் இந்த மூன்றையும் கேட்க வேண்டும்.