ஈட்டி மரமும் கிரனடாக் கிதாரும்

நம் இலக்கியச் சண்டைகளில் ‘மரபு’, ‘இறக்குமதி’ என்ற இரண்டு சொற்களும் தேய்ந்து வழுக்கும் அளவுக்குப் புழங்கியாகிவிட்டது. புதுக்கவிதையை இறக்குமதி என்றார்கள். பிறகு அதற்குச் சங்கத்திலேயே வேர் இருக்கிறது என்று நிறுவ ஆட்கள் வந்தார்கள். இரண்டு தரப்பாருக்கும் ஒரு பொருளைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. நான் இங்கே பார்க்க நினைப்பது ஒரு பொருளை: கையால் செய்த ஸ்பானியக் கிதார். பார்க்கிற இடம் போடிநாயக்கனூரும், அதற்கு மேலே 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டில் தொடங்கும் ஏல மலையும்.

ஏலத் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கிரனடா போய் ஒரு கிதார் வாங்கி வந்தார். அல்ஹாம்ப்ரா கோட்டைக்கு ஏறுகிற கோமெரெஸ் சரிவு என்ற தெருவில் கிதார் செய்கிறவர்களின் பட்டறைகள் உண்டு. சில லட்சம் ரூபாய், ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த ஒரு வருஷத்தின் பணம். பெட்டியைத் திறந்து கிதாரைக் கவிழ்த்து, ஊதாவும் கறுப்பும் ஓடிய பின் பலகையைத் தட்டிக் காட்டினார். “அண்ணே, இது நம்ம ஈட்டிண்ணே. நம்ம மரத்தைத்தான் அவன் நமக்கே வித்திருக்கான்.” சொன்னதில் பெருமையும் வயிற்றெரிச்சலும் கலந்திருந்தன. இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் சரி என்று விசாரிப்பதுதான் இந்தக் கட்டுரை.

மரம் ஈட்டிதான், சந்தேகமில்லை. தோதகத்தி என்றும் நூக்கு என்றும் நம்மவர்கள் சொல்வது. பழைய வீடுகளில் கட்டிலாகவும் ஊஞ்சலாகவும் கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகள் அதன் இயல்பான இருப்பிடம். ஆனால் ஸ்பானியர்கள் இதை ஆதியிலிருந்து விரும்பியவர்கள் அல்ல. அவர்கள் கொண்டாடியது பிரேசில் நாட்டு ரோஸ்வுட். 1960களின் கடைசியில் பிரேசில் அந்த மரத்தை உருளைக் கட்டையாக வெளியே அனுப்புவதைத் தடுத்தது. அமெரிக்காவில் மார்ட்டின் கம்பெனி 1969ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. மாட்ரிடின் பட்டறைகளும் இந்தப் பக்கம் திரும்பின. நம் மரம் மாற்று ஆளாகத்தான் உள்ளே போயிற்று, போனபின் நிரந்தரமாகிவிட்டது. அதிலும் பெரும்பகுதி மலபார், வயநாடு, குடகுப் பக்கத்து மரம். கோழிக்கோட்டின் கல்லாயி ஒரு காலத்தில் உலகத்துப் பெரிய மரச் சந்தைகளில் ஒன்று. ஏல மலையிலும் ஈட்டி உண்டு என்பது வேறு. நண்பரின் கிதாரிலிருப்பது எந்தச் சரிவில் நின்ற மரம் என்று பலகையில் எழுதியிருக்காது.

இனி அந்தக் கிதாரில் ஸ்பெயின் எங்கே இருக்கிறது என்று தேடுவோம். மேல் பலகை ஸ்ப்ரூஸ், ஆல்ப்ஸ் மலையிலிருந்து. அல்லது மாட்ரிடின் மூன்றாம் ஹோஸே ராமிரெஸ் 1960களில் பழக்கப்படுத்திய செடார், வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து. கழுத்து, ஸ்பானிய செடார் என்று பெயர் இருந்தாலும், மத்திய அமெரிக்க மரம். விரல் பலகை ஆப்பிரிக்கக் கருங்காலி. தந்தி நைலான். இரண்டாம் யுத்தத்தில் குடல் தந்திக்குப் பஞ்சம் வந்தபோது நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் ட்யூபான்ட் கம்பெனியின் இழையை வைத்துச் செய்து பார்த்தது. மேலே பூசும் மெருகு அரக்கு. பூச்சியின் சுரப்பிலிருந்து எடுப்பது. சோட்டா நாகபுரிக் காடுகள் அதற்குப் பேர்போனவை. (துரியோதனன் வீடு கட்டிய சரக்கு கிதாருக்கும் ஆகிறது.) ஸ்பெயினின் சொந்த மரம் என்று சொல்லத்தக்க சைப்ரஸில் செய்வது ஃபிளமெங்கோக் கிதார், இது அல்ல.

அப்படியானால் ஸ்பானியம் என்பது என்ன? அந்தோனியோ தெ தோர்ரெஸ் என்ற அல்மேரியாத் தச்சரிடம் போக வேண்டும். 1817ல் பிறந்து 1892ல் செத்தவர். கிதாரின் உடலைப் பெரிதாக்கி, மேல் பலகையை மெல்லியதாக இழைத்து, அதன் உள்பக்கம் ஏழு குச்சிகளை விசிறி போல ஒட்டினார். விசிறிக் குச்சி அவருக்கு முன்னும் உண்டு. அதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்து, இன்றுவரை எல்லோரும் திரும்பிப் பார்க்கிற உருவமாக்கியது அவர். தந்தியின் அதிரும் நீளம் 65 சென்டிமீட்டர் என்பதும் அவர் வழியாக நிலைத்ததுதான்.

1862ல் இந்தத் தச்சர் ஒரு வேலை செய்தார். மேல் பலகையை வழக்கம்போல் ஸ்ப்ரூஸில் செய்துவிட்டு, முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்தார். கிதாரின் குரல் மேல் பலகையில் இருக்கிறது, பின் மரத்தில் அல்ல என்று காட்டத்தான். அந்த அட்டைக் கிதார் இன்றும் பார்ஸலோனா இசை மியூசியத்தில் இருக்கிறது. வாசிக்கும் நிலையில் இல்லை.

என் நண்பரின் பெருமை அடிபடுவது இங்கேதான். நம் மலை கொடுத்தது கிதாரின் முதுகை. அட்டை வைத்தாலும் நடக்கும் என்று தோர்ரெஸ் நிரூபித்த பாகம் அது. ஈட்டி ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. கனமும் இறுக்கமும் உள்ள முதுகு ஒலியை விழுங்காமல் திருப்பித் தருகிறது, நாதத்துக்கு நிறம் சேர்க்கிறது. ஆனால் ஸ்பானியக் கிதார் வாங்குகிறவன் பணம் கொடுப்பது மரத்துக்கு அல்ல. இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள பலகையை விரலால் தட்டி, எந்த இடத்தில் இன்னும் ஒரு சீவல் இழைக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்த ஒரு காதுக்கு. இந்தக் காது ஏற்றுமதியாவதில்லை.

காத்திருப்புக்கும் பணம் உண்டு. நல்ல பட்டறையில் பலகை வருஷக்கணக்கில் காய்கிறது, பத்தும் இருபதும்கூட. போடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாலைந்து கிலோ பச்சை ஏலக்காய் ஸ்டோரில் சூடேறி ஒரு கிலோவாகிறது. ஈரம் கொஞ்சம் கூட நின்றாலும் பூசணம், சூடு மிஞ்சினால் பச்சை நிறம் போய்விடும். கிதாரும் அப்படியே. மலைமேல் தென்மேற்குப் பருவத்து ஈரத்தில் பலகை உப்பும். கீழே போடியின் கோடைக் காற்றில் வெடிக்கும். கிரனடாவில் எவ்வளவு பார்த்து வாங்கினாலும், இரண்டாயிரம் அடிக்குள்ளும் நாலாயிரம் அடியிலும் மாறி மாறி வாழ்கிற ஆளுக்கு வீட்டில் ஒரு ஈரமானி இல்லாவிட்டால் அது வீண் செலவு.

மரத்துக்கு வருகிறேன். அது எப்போது ‘நம்ம’ மரமாக இருந்தது? திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் நான்கும் ராஜ விருட்சங்கள். யார் நிலத்தில் முளைத்தாலும் அரசருடையவை. ஏலச் செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் ஏல மலையில் நிலம் சாகுபடிக்காரனிடமும் நிழல் தரும் மரம் வனத் துறையிடமுமாக ஒரு விசித்திர ஏற்பாடு நிலவியது. (1897ன் அறிவிக்கையில் ஏல மலைக் காட்டின் பரப்பு 15,720 ஏக்கரா அல்லது முன்னால் ஒரு 2 சேர்த்து 2,15,720 ஏக்கரா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. ஓர் எண் எழுத்தில் இரண்டு லட்சம் ஏக்கர்!) தமிழ்நாடும் 1994ல் ஈட்டி மரப் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்து, பட்டா நிலத்து மரத்தையும் அனுமதியில்லாமல் தொடக்கூடாது என்றது. 2017 ஜனவரியில் சர்வதேச ஒப்பந்தம் ஈட்டி இனம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. நம் காட்டு மரம் முதுகாகிய கிதாரே வியாபாரமாக எல்லை தாண்டக் காகிதம் கேட்டது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது 2019ல். இதில் மரத்தை நட்டவனோ, அதன் நிழலில் களை எடுத்த பெண்களோ எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

மலையிலிருந்து இறங்கும் பொருளுக்கு மட்டும் வழி தாராளமாக இருந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பி வழியே தேயிலைப் பெட்டிகள் இறங்கின. 1928ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. யுத்தத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். 1950களில் மறுபடி போட்டார்கள். 2010 கடைசியில் மீட்டர் பாதையை மூடி, 2023 ஜூனில்தான் அகலப் பாதையில் போடிக்கு வண்டி விட்டார்கள்.

அதே மலையடிவாரத்தில், போடிக்குத் தெற்கே தேவாரம் வழியில் பண்ணைப்புரம். 1943ல் அங்கே பிறந்த இளையராஜா தன் 14ஆம் வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் பாட்டுக் குழுவில் சேர்ந்தார். கம்யூனிஸ்டு கட்சிக்காகப் பாடிய குழு. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோஸம்மா புன்னூஸ் ஜெயித்தபோது அந்தப் பாட்டும் மலையேறியிருந்தது. தோட்டத் தொழிலாளி கூட்டத்துக்கு வேண்டியது தூரம் கேட்கிற ஹார்மோனியம். இரண்டு மில்லிமீட்டர் பலகையின் நுணுக்கத்துக்கு அங்கே வேலையில்லை.

1968ல் சகோதரர்கள் சென்னை போனார்கள். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் ஸ்டாஃப் நொட்டேஷன். பிறகு லண்டன் டிரினிடி கல்லூரியின் கிளாஸிகல் கிதார் பரீட்சை, தங்கப் பதக்கம். இறக்குமதி லைசென்ஸ் காலம் அது. ஸ்டுடியோக்களில் வாசித்துக் கூலி வாங்கும் ஒருவர் மாட்ரிட் பட்டறைக்கு ஆர்டர் எழுதுவது நடக்கிற காரியமல்ல. 1912ல் ஆந்திரேஸ் செகோவியா என்ற இளைஞன் கச்சேரிக்கு வாடகைக் கிதார் கேட்டு மானுவல் ராமிரெஸின் கடைக்குப் போனான். வாசித்துக் கேட்டவர் கிதாரை இனாமாகவே கொடுத்துவிட்டார். மவுண்ட் ரோடில் அப்படி யாரும் இருக்கவில்லை.

வந்து சேர்ந்தது காகிதம்தான். தோர்ரெஸ் 1864ல் செய்த கிதாரை மடியில் வைத்து வாசித்தவர் ஃபிரான்ஸிஸ்கோ தார்ரெகா. கிளாஸிகல் கிதார் பயிலும் எவரும் அவர் எழுதியவற்றைத் தாண்டிப் போக முடியாது. எந்த விரல் எந்தத் தந்தியில், எந்தச் சுரம் நீள வேண்டும், எது உடனே அணைய வேண்டும் என்பதெல்லாம் அதில் குறித்திருக்கிறது. அச்சிட்ட அந்தக் காகிதத்துக்கு லைசென்ஸ் கேட்டவர் இல்லை, ஈட்டியும் வேண்டியதில்லை. 1976க்குப் பின் நம் டீக்கடை ரேடியோக்களில் கேட்ட பாட்டுகளில், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே தனித்தனியாக நடக்கும் இரண்டு மூன்று குரல்களைக் கவனித்திருப்பீர்கள். தார்ரெகாவின் வலது கையில் கட்டைவிரல் ஒரு வழியும் மற்ற மூன்று விரல்கள் வேறு வழியும் போகும். போடி பஸ் ஸ்டாண்டில் அந்த ரேடியோக்கள் தேவிகுளம் பஸ் கிளம்பும் வரை பாடிக்கொண்டிருந்தன.