சேது நாட்டில் பாவமன்னிப்பு: ஒரு வரலாற்றுப் பார்வை

பாவமன்னிப்பு என்பது கிறித்தவ சமயத்தின் மையக் கருத்துகளுள் ஒன்று. மனிதன் தன் தவற்றை உணர்ந்து மனம் திரும்பினால், இயேசு கிறித்துவின் சிலுவை மரணத்தின் பொருட்டுக் கடவுள் அவனை மன்னித்துத் தூய்மையாக்குகிறார் என்பது இச்சமயத்தாரின் நம்பிக்கை. இத்தூய்மையின் அடையாளமே ஞானஸ்நானம் எனப்படும் திருமுழுக்கு. மன்னிப்பு இலவசமாகக் கிடைப்பது. ஆயினும் மன்னிப்புப் பெற்றவர் எதை விட்டுவிட வேண்டும்? அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களை உள்ளடக்கிய பழைய சேது நாட்டில் இக்கேள்வி இருமுறை பெரிதாக எழுந்தது.

இது கண்மாய்ப் பாசனத்தையும் பருவமழையையும் நம்பிய வானம் பார்த்த பூமி. குண்டாற்றங்கரையில் உள்ள திருச்சுழி பழைய சிவத்தலம். ரமண மகரிஷி பிறந்த ஊர். இப்பகுதி இராமநாதபுரம் சேதுபதிகளின் ஆட்சியில் இருந்தது.

தடியத் தேவரின் மனமாற்றம்

1606இல் இராபர்ட் தெ நொபிலி தொடங்கிய மதுரை மிஷன், இயேசு சபைத் துறவிகளால் நடத்தப்பட்டது. லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ என்னும் அருளானந்தர் இம்மிஷனில் பணியாற்றினார். 1686இல் மறவர் நாட்டில் கைதாகிக் கடும் சித்திரவதைக்கு உள்ளானார். விடுதலையாகி ஐரோப்பா சென்றவர், பின்னர் இதே நாட்டுக்குத் திரும்பி வந்தார்.

அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத் தேவர் நோயிலிருந்து குணமடைந்து, திருமுழுக்குக் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருவரை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் இசைந்து, 1693 ஜனவரியில் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவரான கடலாயி, சேதுபதியின் உறவினர். அவரது முறையீடு அரசரின் சினத்தைத் தூண்டியது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது.

இந்நிகழ்வைத் துறவியின் தியாகமாகவே பலரும் எழுதினர். ஆனால் ஒருவருடைய புது வாழ்வுக்காக வாழ்விழந்த பெண்களின் துயரமும் இதில் உண்டு. கடலாயியின் முறையீட்டை வெறும் பகையாகப் பார்ப்பது வரலாற்றுக்கு முழு நியாயம் ஆகாது.

ஒரே பந்தி

1834இல் மதுரையில் அமெரிக்கன் மதுரை மிஷன் தொடங்கியது. நாளடைவில் அருப்புக்கோட்டைப் பக்கத்து மண்டபசாலை அதன் நிலையங்களுள் ஒன்றாயிற்று. கத்தோலிக்கர் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, அவர் விதிக்கும் பரிகாரத்தை நிறைவேற்றுவர். புராட்டஸ்டண்டு மரபினரான இம்மிஷனரிகளோ, விசுவாசத்தோடு கடவுளிடம் நேரடியாக அறிக்கையிட்டாலே போதும் என்று போதித்தனர்.

ஆயினும் இங்கும் ஒரு நிபந்தனை எழுந்தது. மன்னிக்கப்பட்டவர்கள் அனைவரும் கடவுளின் பிள்ளைகள் என்றால், அவர்களுக்குள் தீட்டு எப்படி இருக்கும்? 1847இல் மிஷன் தன் ஊழியர்கள் சாதியைக் கைவிட வேண்டும் என்று வற்புறுத்தியது. சாதி பாராது சேர்ந்து உண்பது அதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. இதை ஏற்காதவர்கள் சபையிலிருந்து விலக நேர்ந்தது. கடவுளிடம் மன்னிப்புக் கேட்பதை விட, அயலானோடு ஒரே பந்தியில் உட்காருவது பலருக்குக் கடினமாக இருந்தது.

இந்நிபந்தனைக்குப் பைபிளில் முன்மாதிரி உண்டு. வரி வசூலிப்பவனாகிய சகேயு, இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்றபின், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். மன்னிப்பு அவனுக்கு விலைக்குக் கிடைத்ததன்று. ஆனால் கிடைத்தபின் அவன் கையிலிருந்த பொருள் உரியவர்களிடம் போகவேண்டியிருந்தது.

இரு மரபுகளுக்கும் 1947 நினைவில் நிற்கும் ஆண்டு. ஜூன் 22 அன்று அருளானந்தர் புனிதராக அறிவிக்கப்பட்டார். செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. மதுரை மிஷனின் சபைகள் அதில் இணைந்தன. சாதி வேற்றுமை திருச்சபைக்குள்ளும் முற்றிலும் மறையவில்லை. ஆகவே, மன்னிப்புப் பெற்றவர் எதை விட்டுவிட வேண்டும் என்னும் பழைய கேள்வி இன்றும் முடிந்துவிடவில்லை.