முத்திரை பெறாத காசு

நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில், ஒருநாள் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் செந்நிறமான வட்டத் துண்டொன்றைக் கொண்டுவந்து, “ஐயா, இது காசுதானா?” என்று வினவினான். கப்பலில் பணிபுரிந்த அவன் மாமன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாம். அதில் தலையுருவம் இல்லை, எழுத்து இல்லை, ஆண்டும் இல்லை. “முத்திரை இல்லாதது காசாகாது, எறிந்துவிடு” என்றேன். அவன் முகம் வாடிச் சென்றது இன்றும் என் நினைவில் நிற்கிறது. ஓய்வு பெற்றபின் நாணயவியல் நூல்களைப் பயின்றபோதுதான், என் விடையின் முற்பகுதி சரி, பிற்பகுதி பிழை என்று உணர்ந்தேன்.

நேயர்களே! காசு பிறக்கும் முறையை முதலில் காண்போம். அக்கசாலையில் நீண்ட உலோகத் தகட்டை எந்திரத்தினுள் செலுத்துவர். தேய்த்துப் பரப்பிய மாவில் கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்டியெடுப்பதுபோல, எந்திரம் அத்தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டித் தள்ளும். அவற்றைச் சூடேற்றி மென்மையாக்கி, கழுவி உலர்த்தி, ஓரத்தை நெருக்கி விளிம்பு எழச் செய்வர். பின்னரே வில்லை இரண்டு அச்சுகளுக்கிடையே அழுந்தி, உருவமும் எழுத்தும் பெற்றுக் காசாகிறது. இலட்சக்கணக்கில் அச்சடிக்கும்போது, எப்போதேனும் ஒரு வில்லை அச்சின் அடிக்குத் தப்பி, காசுகளோடு பையில் கலந்து வெளியுலகை அடைந்துவிடும்.

அதனைக் கடைக்காரர் ஏற்கமாட்டார். நாணயம் சேகரிப்போர் விரும்பி வாங்குவர். அமெரிக்கச் சென்ட் ஒன்றின் வெற்று வில்லை சில டாலருக்கு விலைபோகும். உருவம் பெற்றிருந்தால் அதன் மதிப்பு ஒரு சென்ட்டே! ஆனால், முகமற்ற பொருளுக்குச் சான்று ஏது? எந்தப் பட்டறையிலும் ஒரு வட்டத் துண்டை வெட்டிவிடலாமே! ஆதலின் நிறை, குறுக்களவு, உலோகக் கலவை, விளிம்பு ஆகிய நான்கையும் ஆராய்ந்த பின்னரே அறிந்தோர் விலை பேசுவர். 95 விழுக்காடு செம்பு கொண்ட பழைய வெண்கலச் சென்ட் வில்லையின் நிறை 3.11 கிராம்.

இத்தகைய வில்லை எத்துணைப் பெரிய வரலாற்றைச் சுமக்கவல்லது என்பதற்கு 1943ஆம் ஆண்டே சான்று. இரண்டாம் உலகப் போரில் படைக்கலங்களுக்குச் செம்பு மிகுதியாகத் தேவைப்பட்டது. ஆகவே அமெரிக்க அரசு அவ்வாண்டுச் சென்டுகளைத் துத்தநாகம் பூசிய எஃகினால் அடித்தது. பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று அக்கசாலைகளிலுமாக 100 கோடிக்கு மேற்பட்ட எஃகுக் காசுகள் வெளிவந்தன. ஆயினும், முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில, கலங்களின் இடுக்கில் தங்கியிருந்து எஃகு வில்லைகளோடு அச்சுக்குள் புகுந்தன என்பது ஆய்வாளர் கருத்து. 1943ஆம் ஆண்டைத் தாங்கிய வெண்கலக் காசுகளுள் இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ 20. டென்வரைச் சேர்ந்ததாக அறியப்பட்ட ஒரே காசு 2010இல் 17 இலட்சம் டாலருக்குக் கைமாறிற்று. எஃகுக் காசுக்குச் செம்பு பூசி ஏமாற்றுவோரும் தோன்றினர். அவர்தம் சூழ்ச்சியை ஒரு சிறு காந்தமே வெளிப்படுத்திவிடும். 1944இலோ தவறு தலைகீழாயிற்று. மிஞ்சிய எஃகு வில்லைகள் சிலவற்றில் அவ்வாண்டின் முத்திரை விழுந்தது.

1947இல் அந்நாட்டுப் பள்ளி மாணவன் ஒருவன், தனக்குக் கிடைத்த சில்லறையில் 1943ஆம் ஆண்டின் வெண்கலக் காசொன்றைக் கண்டான். கருவூலத் துறைக்கு எழுதிக் கேட்டபோது, அவ்வாண்டில் செப்புச் சென்ட் அடிக்கப்படவே இல்லை என்று விடை வந்தது. அவன் காசை எறியவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் காத்து வைத்திருந்தான். 2019ஆம் ஆண்டு ஏலத்தில் அது 2,04,000 டாலருக்கு விலைபோயிற்று.

இதனைப் படித்தபோது என் மாணவன் நினைவுக்கு வந்தான். அவனுடைய வில்லை சில டாலரே பெற்றிருக்கக்கூடும். ஆயினும், அறிவியல் அறைத் தராசில் அதனை நிறுத்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, காந்தத்தை அருகில் காட்டி, ஒரு பாடவேளை முழுவதும் பயனுறக் கழித்திருக்கலாம். பார்க்காமலே விடை சொன்னவன் நான்.

உங்கள் இல்லத்துச் சிறுவன் உருவமற்ற உலோகத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், எறியச் சொல்லாதீர்கள். முதலில் நிறுத்துப் பாருங்கள்.